நிச்சயதார்த்தத்துக்கு வந்த கட்டில்

பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து கப்பலேறி வந்த அந்தப் பிரசவக் கட்டில், ஓடைக்கரைப்பட்டித் துணை சுகாதார நிலையத்தில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஏழு மாதம் சும்மா கிடந்தது. இந்தப் பொம்பளைகள் நம்மைத் தேடி வரப்போவதில்லை என்று அதற்கே தெரிந்துவிட்டதோ என்னவோ, எட்டாவது மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு எழுந்து நடக்க ஆரம்பித்தது. பதிவேடு எழுதிக்கொண்டிருந்த நர்சம்மா எஸ்தர் தலையை நிமிர்த்திப் பார்த்து, "கதவ மெதுவாத் தள்ளு, கண்ணாடிக் கதவு" என்று மட்டும் சொன்னாள்.

பொம்பளைகளைக் குறை சொல்ல முடியாது. கட்டிலை அனுப்பிக் கட்டடத்தையும் கட்டிக்கொடுத்த அந்த நாட்டுக்காரர்கள் நல்ல மனசோடுதான் எல்லாம் செய்தார்கள். தாய்நலம், பெண்கல்வி, ஆண்பெண் சமத்துவம் என்று வாசலில் போர்டு வைத்தார்கள், போர்டில் இரண்டு நாட்டுக் கொடியும் கைகுலுக்கின, ஆம்பளைகளுக்குச் சமத்துவத்தைப் பற்றிக் கூட்டம் போட்டு வடையும் டீயும் கொடுத்தார்கள், ஆம்பளைகளும் வடையைத் தின்றுவிட்டுச் சமத்துவத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் ஊருக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஐயாயிரம் ஏக்கர் உப்பளம் கிடக்கிறதே, அதைப் படத்தில் பார்த்தவர்கள் வெள்ளையாக இருக்கவும் காலி இடம் என்று நினைத்துவிட்டார்கள். இடுப்பு வலியோடு ஒருத்தி நிழலில்லாத வரப்பில் மூன்று மைல் நடந்து பிள்ளை பெறப் போவாளா? எல்லாரும் வீட்டிலேயே பெற்றார்கள். வருசத்துக்கு ஒருத்தி இரண்டு பேர் செத்தும் போனார்கள். அதைப் பற்றி யாரும் போர்டு வைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை கட்டில் வரப்போடு வரப்பாக நடந்து வந்து, நிறைமாதமாக இருந்த ஒருத்தியின் வாசலில் நின்றது. ஊர் கூடிச் சூடம் காட்டியது. பேயோ பிசாசோ என்று இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் அவளுக்குச் சுகப்பிரசவம் ஆகவும் பேச்சை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் ஒதுங்கட்டும் என்று அதன் முன்னங்காலில் ஒரு மாட்டு மணியைக் கட்டினார்கள். அதற்கப்புறம் மணிச் சத்தம் கேட்டால், "யாரு வீட்டுக்குப் போகுதுன்னு பாரு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிற அளவுக்கு அது பழகிப்போனது.

கட்டிலுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. பிறப்புக்குச் சரியாக இரண்டு நாள் முன்னால் வந்து நிற்கும், வீடு தப்பவே தப்பாது. சுலபமான பிரசவம் என்றால் நர்சம்மாவிடம் கொண்டுபோகும், சிக்கல் என்றால் யாரையும் கேட்காமல் நேரே பைபாஸ் ரோட்டில் ஏறி டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய வழக்கம், புருசன் கூட வந்து தலைமாட்டுக் கம்பியைப் பிடித்தால்தான் அது பிரசவத்துக்கு அடியெடுத்து வைக்கும். முதலில் ஒருத்தன் கூச்சப்பட்டு டீக்கடைக்கு ஓடிவிட்டான். கட்டில் அவன் பொண்டாட்டியைச் சுமந்துகொண்டு டீக்கடைக்கே போய், அவன் பெஞ்சுக்கு முன்னால் நின்றது. அவள் மேலே இருந்தபடி, "குடிச்சி முடிச்சாச்சாங்க?" என்று கேட்டாள். மறுநாளே டீக்கடைக்காரர், 'வீட்டில் நிறைமாதம் உள்ளவர்களுக்கு இங்கே டீ கிடையாது' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

உப்பளத்துக் கணக்கப்பிள்ளைதான் சுகாதாரத் துறைக்கு விடாமல் புகார் எழுதினார். மேற்படி கட்டில் உப்புப் பாத்தியை மிதிக்கிறது என்று அவர் எழுதியதற்கு, கட்டில் நடப்பதற்கு விதிகளில் இடமில்லை, ஆகவே அது நடப்பதாகக் கருதி நடவடிக்கை எடுக்க இயலாது என்று பதில் வந்தது. மனுசன் மூன்று நாள் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, கடைசியில் தானே ஆள்விட்டு வரப்பில் பலகை போட்டுக் கொடுத்தார். அந்த நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். கட்டில் எங்கே என்று கேட்டாள். "டூட்டிக்குப் போயிருக்கு" என்றாள் எஸ்தர். வெள்ளைக்காரம்மா தன் தாளைப் புரட்டினாள், 'கட்டில் பயன்பாட்டில் உள்ளதா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் அடித்தாள், 'கட்டில் இருக்குமிடம்' என்ற கேள்விக்குச் சற்று யோசித்து 'வழியில்' என்று எழுதிக்கொண்டாள். அந்த வருசம் ஊரில் ஒரு தாயும் சாகவில்லை.

இப்படி ஊரே கொண்டாடிய கட்டிலின் மணிச் சத்தம் கேட்டாலே ஒருத்தி மட்டும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள்தான் வேலுக்கனி.

வேலுக்கனிக்கு நாற்பத்தொரு வயது, உப்பு வாருகிற வேலை. புருசன் தங்கப்பாண்டி லாரியில் உப்பு ஏற்றுகிறவன். ஒரே மகள் செண்பகா பிளஸ் டூ படிக்கிறாள். அந்த ஊரில் ஐப்பசி, கார்த்திகை என்றால் அளத்தில் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் மழைத்தண்ணி நிற்கும், புருசன் பொண்டாட்டி எல்லாரும் வீட்டோடு இருப்பார்கள். அதனால்தான் ஓடைக்கரைப்பட்டியில் முக்கால்வாசிப் பேர் ஆடி, ஆவணியில் பிறந்தவர்கள், பள்ளிக்கூடத்து சார் ஆவணி மாசம் பூராவும் பிறந்தநாள் மிட்டாய் தின்றே பல்லைக் கெடுத்துக்கொண்டார். போன கார்த்திகை மழை வேலுக்கனியையும் சும்மா விடவில்லை. பதினேழு வருசமாகப் பிள்ளைத்தாச்சி ஆகாதவள், நாள் தள்ளிப்போனபோது வயசாகிவிட்டது, நின்றுவிட்டது என்றே நினைத்தாள். நின்றது நாலாம் மாசத்தில் உதைத்தது.

வயசுக்கு வந்த மகளைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டு தாய்க்காரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தால் ஊர் என்ன பேசும்! அந்த வெட்கத்திலேயே வேலுக்கனி பாதி செத்தாள். நல்லவேளை, அளத்துப் பொம்பளைகள் வெயிலுக்குப் பயந்து சேலைக்கு மேலே புருசன் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். தங்கப்பாண்டியின் தொளதொள சட்டைகளில் இருப்பதிலேயே பெரிய நீலக்கட்டம் போட்ட சட்டைக்குள் எட்டு மாசத்தையும் மறைத்துவிட்டாள். எஸ்தர் தெருவில் வந்தால் இவள் கொல்லைப் பக்கம் போய்விடுவாள். தங்கப்பாண்டியிடமும் சொல்லவில்லை. அவன் அவளைப் பார்த்து வாயு என்று முடிவு கட்டி, வாரம் ஒரு பாட்டில் ஓமத்தண்ணி வாங்கி வந்து, "குடிட்டி, எறங்கிரும்" என்பான். அவளும் குடித்தாள். எங்கே இறங்க!

இதற்கிடையில்தான் செண்பகாவுக்கு டவுனிலிருந்து ஒரு இடம் வந்தது. காய்கறி மண்டி வைத்திருக்கிற குடும்பம், ஒரே பையன். பையனின் அம்மா பவுனம்மாள் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்: ஆவணியில் நிச்சயம், பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் தையில் கல்யாணம், கல்யாணத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு.

"பங்குனில பரீட்ச எழுதிட்டுக் கல்யாணம் பண்ணுனா மாப்பிள்ள ஊசிப்போயிருவாரோ?" என்று செண்பகா அம்மாவிடம் கேட்டாள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி அவள்.

நியாயமான கேள்விதான், வேலுக்கனிக்கும் தெரியும். ஆனால் அவள், "வாய மூடுட்டி, நல்ல இடம்" என்று அடக்கிவிட்டாள். தட்டு மாற்றிவிட்டால் சம்பந்தம் உறுதியாகிவிடும், அதற்கப்புறம் வயிற்று விசயம் வெளியே வந்தாலும் மகள் வாழ்க்கைக்குப் பங்கம் வராது என்பது அவள் கணக்கு. தன் வெட்கத்துக்கு மகளின் படிப்பை விலையாகக் கொடுக்கிறோமே என்று படுத்தால் தூக்கம் வராமல் உறுத்தியது. இருந்தாலும் அந்த உறுத்தலையும் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் அவள் கால் இரண்டும் வீங்கின. உப்புத்தண்ணி என்று நினைத்துக்கொண்டாள். தலை இடித்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் மினுக்கு மினுக்கென்று பூச்சி பறந்தது, அது வருசம் பூராவும் வெள்ளை உப்பைப் பார்த்த கண்ணு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். பிள்ளை பிறக்க இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது, நிச்சயம் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் என்ன பார்ப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் பந்தல் போட்டிருந்தது. பட்டுச் சேலைக்கு மேலே சட்டை போட முடியாதே, அதனால் வேலுக்கனி அன்று அடுப்படியை விட்டு நகரவில்லை, நகர்ந்தாலும் வயிற்றுக்கு முன்னால் ஒரு பாத்திரம் இல்லாமல் நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை வாங்க என்று கூப்பிட்டது இட்லிக் கொப்பரையோடு. பவுனம்மாளிடம் நலம் விசாரித்தது சாம்பார் வாளியோடு. "சம்மந்தியம்மாவ உக்காரச் சொல்லுங்களேன், ஓடிக்கிட்டே இருக்காவ" என்று பவுனம்மாளே இரக்கப்பட்டாள்.

பெரியவர் ஒருவர் ஓலை வாசித்து முடித்தார். தங்கப்பாண்டி ஒரு தட்டையும் மாப்பிள்ளையின் அப்பா ஒரு தட்டையும் கையில் எடுத்தார்கள். அப்போது தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பழகிய சத்தம்தானே. ஆனால் கட்டில் வேறெங்கும் திரும்பாமல் நேரே வந்து, வாழைமரத்தைத் தட்டாமல் பந்தலுக்குள் நுழைந்து, இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டது.

"முத்துமாரிக்கா இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். பக்கத்து வீட்டு முத்துமாரிக்கு நிறைமாசம், பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். "எனக்கு இன்னும் நாள் கெடக்கே" என்று சொல்லச் சொல்ல அவளை எழுப்பி முன்னால் தள்ளினார்கள். கட்டில் தலைமாட்டை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு வீட்டு மருமகள்களை நிறுத்திப் பார்த்தார்கள், அது அசையவில்லை. அது தப்பான வீட்டுக்கு வராது என்பது பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நாற்பது தாண்டிய தாய்க்காரி ஒருத்தி அடுப்படியில் இருக்கிறாள் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் கண்ணும் மணையில் உட்கார்ந்திருந்த செண்பகாவின் மேல் போய் விழுந்தன.

பவுனம்மாள் அவளை இடுப்பிலிருந்து தலை வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். "பிள்ளைய எந்திச்சி நிக்கச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்கு நிக்கணும்? என்னைய ஏன் எல்லாரும் இப்பிடிப் பாக்கிய?" செண்பகா மணையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். தங்கப்பாண்டி கையில் தட்டோடு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் பார்வையிலும் அந்தச் சந்தேகம் இருந்தது. "யப்பா, நீங்களுமா?" என்றாள் அவள்.

அந்தக் கேள்வி அடுப்படி வரைக்கும் வந்து வேலுக்கனியின் நெஞ்சில் தைத்தது. அவள் கையில் அப்போது கேசரித் தேக்சா இருந்தது. தேக்சாவோடு வெளியே வந்தாள், பந்தலுக்கு நடுவில் நின்றாள், தேக்சாவைக் கீழே வைத்தாள், நிமிர்ந்தாள்.

"அது எனக்கு வந்திருக்கு" என்றாள்.

தங்கப்பாண்டிக்குத்தான் முதலில் வாய் திறந்தது. "ஏட்டி, அது வாயுல்லா?"

"வாயு ஒம்பது மாசமா உதைக்குமா? உதைக்கிற வாயுவ எங்கயாவது பாத்திருக்கியளா? பிள்ளைய அப்பிடிப் பாக்கியளே, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" வேலுக்கனிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒன்பது மாசத்தில் முதல் தடவையாக இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது.

பந்தியில் உட்கார்ந்திருந்த எஸ்தர் எச்சில் கையோடு எழுந்து ஓடிவந்தாள். இடது கை விரலால் வேலுக்கனியின் காலை அழுத்தினாள், விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "தலைவலி உண்டா? கண்ணுல மின்னுதா? நாள் எப்ப?"

"உப்பு வெளிச்சம்னு நெனச்சேன். நாளு இன்னும் மூணு வாரம் கெடக்கு."

"பந்தலுக்குள்ள ஏதும்மா உப்பு? இப்பவும் மின்னுதா?" அவள் ஆமாம் என்று தலையாட்டவும் எஸ்தர் கையைத் துடைத்துவிட்டுப் பையிலிருந்து பிரஷர் பார்க்கிற கருவியை எடுத்துக் கட்டினாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "நூத்தி எழுவது! இது ரெண்டு நாளுக்கு முந்தி வர்ற கட்டிலு, மூணு வாரம் முந்தி வந்திருக்குன்னா சும்மாவா? ஏறுங்க, ஏறுங்க, இந்த நிமிசமே போகணும். வலிப்பு வந்துச்சின்னா தாயும் இல்ல பிள்ளையும் இல்ல."

"தட்டு மாத்திட்டுப் போறேனே" என்றாள் வேலுக்கனி.

அதற்குள் பவுனம்மாள் தன் தட்டைத் தூக்கிவிட்டாள். "சம்மந்தியம்மா தொட்டில் கட்டுத வீட்டுல பொண்ணெடுத்தா எங்க தெருவே சிரிக்கும். பதினேழு வயசுப் பிள்ளைக்கு இனிமே ஒரு தம்பியா?"

"தங்கச்சியாவும் இருக்கலாம்" என்றாள் செண்பகா. அவள் மணையிலிருந்து எழுந்துவிட்டிருந்தாள். அழுது சிவந்த முகத்தில் எத்தனை சந்தோசம்! மாப்பிள்ளைப் பையன் இலையில் இருந்த லட்டை எடுத்துக்கொண்டு அம்மா பின்னால் போனான்.

வேலுக்கனி ஏறிப் படுத்தாள். கட்டில் அசையவில்லை. எல்லாரும் தங்கப்பாண்டியைப் பார்த்தார்கள். அவன் கரைவேட்டியும் சந்தனப் பொட்டுமாகப் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "கூச்சமா இருக்குட்டி" என்றான் மெதுவாக. "ஊரே பாக்குது."

"எனக்கு மட்டும் இனிச்சிதா? ஒத்தையில ஒம்பது மாசம் தூக்கிச் சுமந்தேன். கூடப் பிடிச்சிக்கிட்டு நடக்கதுக்கு உங்களுக்குக் கூச்சமா இருக்கோ?"

தங்கப்பாண்டி வந்து கம்பியைப் பிடித்தான். செண்பகா பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கம் பிடித்தாள். கட்டில் மணியாட்டிக்கொண்டு கிளம்பியது. தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். "எங்க மைனி போறிய?" என்று கேட்டாள் ஒருத்தி, தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"பிள்ள பெறப் போறேன்!" என்றாள் வேலுக்கனி. யாரும் கேட்காத வாசலில்கூடச் சொல்லிக்கொண்டு போனாள்.

அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வாருகிற பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை குடையை மடக்கிக்கொண்டு வரப்பை விட்டு இறங்கி நின்றார். கட்டில் சுகாதார நிலையத்தின் போர்டைத் தாண்டியது, உள்ளே திரும்பவில்லை, நேரே பைபாஸ் ரோட்டில் ஏறி ஓட்டமும் நடையுமாகப் போக ஆரம்பித்தது. அப்போதுதான் வேலுக்கனிக்கு உண்மையாகவே பயம் வந்தது. பூச்சிகள் பெருத்துக்கொண்டே வந்தன, மகள் முகம் பாதிதான் தெரிந்தது. செத்துப்போய்விடுவோம் என்று நினைத்தாள். இந்தப் பிள்ளையை ஒரு தடவைகூடக் கொஞ்சாமல், பெரியவளிடம் ஒரு மன்னிப்புக் கேட்காமல் போகப்போகிறோம் என்று நினைத்தாள்.

"யம்மா, கண்ண மூடாத. நான் சொல்லுதத கேளு" என்று செண்பகா கத்தினாள். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, வாய்க்கு வந்தது விலங்கியல் புத்தகம். அதிலும், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி சார் வகுப்பில் நடத்தாமல் விட்ட அந்த இரண்டாம் பாடம். கருமுட்டையில் ஆரம்பித்து, கருவுறுதல், நச்சுக்கொடி, பனிக்குடம் என்று ஒரு வரி விடாமல், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஒப்பித்துக்கொண்டே ஓடினாள். லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு டிரைவர் வண்டியை மெதுவாக்கி முழுப் பாடத்தையும் கேட்டுக்கொண்டு கூடவே வந்தார். சுங்கச்சாவடியில் அட்டவணையில் கட்டில் என்று ஒரு வண்டி இல்லாததால் கம்பத்தைத் தூக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் தங்கப்பாண்டிக்குக் காது இரண்டும் சிவந்து, தன் மகள் வாயால் இதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று முதல் ஒரு மைல் கூனிக் குறுகினான். இரண்டாவது மைலில், "பனிக்குடம்னா என்னதும்மா?" என்று கேட்டான். அவள் விளக்கினாள். வேலுக்கனிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதும் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேசன் செய்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னபோது, தங்கப்பாண்டி கரைவேட்டியோடு நடைபாதையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மூன்று நாள் வேலுக்கனிக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது, நாலாம் நாள்தான் தெளிந்தாள். தெளிந்ததும், "கட்டில எங்க?" என்று கேட்டாள். முத்துமாரிக்கு நாள் நெருங்கிவிட்டது, அது அன்றைக்கே திரும்பிப் போய்விட்டது என்றான் தங்கப்பாண்டி. "செண்பகாவ எங்க?" என்று கேட்டாள். பக்கத்தில்தான் நின்றாள் அவள். வேலுக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பங்குனில பரீட்ச எழுதுட்டி. மேல என்ன படிக்கணுமோ படி. நான் இருக்கேன்" என்றாள்.

பத்தாம் நாள் காலை டவுன் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். பச்சை உடம்பு குலுங்கக் கூடாது என்று வேலுக்கனியை முன் சீட்டில் உட்காரவைத்து, பிள்ளையைத் தங்கப்பாண்டியே வைத்திருந்தான். அந்த நீலக்கட்டம் போட்ட சட்டையில் சுற்றித்தான் வைத்திருந்தான், ஒன்பது மாசம் பிள்ளையை மறைத்த சட்டை இப்போது முகம் மட்டும் தெரிய விட்டிருந்தது. பஸ் முழுக்க அக்கம்பக்கத்து ஊர் ஆட்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர் குனிந்து பார்த்தார். நரைத்த மீசையையும் பார்த்தார், கைக்குழந்தையையும் பார்த்தார்.

"பேத்தியா, அண்ணாச்சி?" என்றார்.

வேலுக்கனிக்குப் பழைய வெட்கம் ஒரு நொடி குப்பென்று வந்தது. அவள் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும், சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

தங்கப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு பின் சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"பேத்தி இல்ல தம்பி, மக. ரெண்டாவது மக. மூத்தவ பள்ளிக்கூடம் போயிருக்கா."